கசடு தேறிவிட்டது, சரி. எந்தப் பரீட்சையில்?

தொடக்கக் கேள்வி (ஒரு வாசகர்), செப்டம்பர் 4

பழைய பேட்டரிகளை உருக்கிக் காரீயம் எடுத்த உலையின் சோடாக் கசடு, அதாவது சோடா போட்டு உருக்கியதில் மிஞ்சிய கழிவு. ஒரே குவியல். மூன்று மாதிரி எடுத்து டி.சி.எல்.பி. சோதனைக்கு (கழிவை அமிலத்தில் ஊறவைத்து எவ்வளவு உலோகம் கரைந்து வருகிறது என்று பார்ப்பது) அனுப்பினோம். கரைந்து வந்த காரீயம் லிட்டருக்கு 0.3, 0.4, 38 மில்லிகிராம். வரம்பு 5. மூன்றில் இரண்டு தேறிவிட்டது, அதுவும் வரம்புக்கு வெகு கீழே. மூன்றாவது ஆய்வகத்தின் தவறு என்றே நினைக்கிறேன். அதை விட்டுவிட்டு மற்ற இரண்டை வைத்து ‘அபாயமற்ற கழிவு’ என்று எழுதலாமா சார்? எழுதிவிட்டால் பள்ளமான இடத்தை மேடாக்க அதையே கொட்டிவிடலாம் என்கிறார்கள். அமிலத்தில் போட்டே தேறியது, மழைத்தண்ணீர் என்ன செய்துவிடும் என்பது அவர்கள் வாதம்.

பதில், செப்டம்பர் 4, இரவு

விட்டுவிடாதீர்கள். சராசரியும் எடுக்காதீர்கள். சராசரி 12.9 வரும், அது மூன்று குடுவைகளில் எதிலுமே இல்லாத எண்.

ஆய்வகத்திடம் இரண்டு விவரம் கேளுங்கள். ஒவ்வொரு குடுவையிலும் ஊற்றியது எந்தக் கரைசல், முதலாவதா இரண்டாவதா? பதினெட்டு மணி நேரம் சுழற்றி முடித்தபோது பிஹெச் (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) எவ்வளவு? இந்தப் பிஹெச் எண் அறிக்கையில் பெரும்பாலும் இருக்காது. வேலைப் பதிவேட்டில் இருக்கும். அது தெரியாமல் 0.3 என்றாலும் எனக்கு ஒன்றும் புரியாது, 38 என்றாலும் ஒன்றும் புரியாது.

என் முதல் சந்தேகம் குடுவை சரியாகக் கழுவப்படவில்லை என்பது. பார்ப்போம்.

செப்டம்பர் 5, காலை

நேற்று தூக்கக் கலக்கத்தில் சுருக்கமாக எழுதிவிட்டேன். இன்று கொஞ்சம் விரிவாக.

சோதனை பார்க்க எளிது. 9.5 மில்லிமீட்டருக்குக் கீழே உடைத்த கசடு 100 கிராம். அதற்கு இருபது மடங்கு, அதாவது 2 லிட்டர், அசிட்டிக் அமிலக் கரைசல். மூடி, நிமிடத்துக்கு 30 சுற்று வீதம் தலைகீழாகப் புரட்டிப் புரட்டி 18 மணி நேரம். பிறகு கண்ணாடி இழை வடிதாளில் வடித்து, நைட்ரிக் அமிலம் விட்டு, கருவியில் உலோகத்தை அளக்க வேண்டும். அவ்வளவுதான். வினிகரில் ஊறப்போட்ட கல் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். பொய்யும் இல்லை, கரைசலின் வாசனை அதுதான்.

கரைசல் இரண்டு வகை. முதலாவதில் அமிலத்தோடு சோடியம் ஹைட்ராக்சைடும் சேர்ந்திருக்கும், பிஹெச் 4.93. இரண்டாவது வெறும் அமிலம், பிஹெச் 2.88. காரம் மிகுந்த கழிவுக்கு இரண்டாவது. எது என்று முடிவு செய்ய ஒரு முன்சோதனை உண்டு: 5 கிராம் கழிவைத் தண்ணீரில் கலக்கிப் பிஹெச் பார்ப்பது, அது 5-க்கு மேலே நின்றால் 3.5 மில்லிலிட்டர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் (மில்லிலிட்டருக்கு 1 மில்லிமோல் உள்ளது) விட்டு 50 டிகிரியில் பத்து நிமிடம் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி பார்ப்பது. அப்போதும் 5-க்கு மேல் என்றால் இரண்டாவது கரைசல்.

இதில் பலரும் தவறவிடுகிற இடம் ஒன்று உண்டு. 4.93, 2.88 என்பதெல்லாம் ஊற்றும்போது உள்ள பிஹெச். ஊற்றிய பிறகு யாரும் அதைப் பிடித்துவைத்துக்கொண்டு இருப்பதில்லை. கசடில் இருக்கும் காரம் அமிலத்தைத் தின்னும். லிட்டருக்கு 5.7 மில்லிலிட்டர் அசிட்டிக் அமிலம் என்றால் ஏறத்தாழ 100 மில்லிமோல். இரண்டு லிட்டருக்கு 200. அதை 100 கிராம் கசடுக்குப் பங்கிட்டால் கிராமுக்கு 2 மில்லிமோல் அமிலம். கசடில் அதைவிடக் கூடுதலாகக் காரம் இருந்தால் அமிலம் மொத்தமும் தீர்ந்து பிஹெச் 9, 10 என்று ஏறிவிடும். குறைவாக இருந்தால் 5 பக்கத்தில் நின்றுவிடும்.

காரீயத்தின் குணம் இங்கேதான் விளையாடுகிறது. அது அமிலத்திலும் கரையும், கடுங்காரத்திலும் கரையும். கரைதிறனைப் பிஹெச்சுக்கு எதிராக வரைந்தால் ஒரு பள்ளத்தாக்கு மாதிரி வரும். அடிமட்டம் 9, 10 பக்கம். ஆக உங்கள் குடுவை தற்செயலாக அந்தப் பள்ளத்தில் போய் நின்றால் 0.3. மேட்டில் நின்றால் 38. குடுவை அழுக்காகவே இருந்திருக்க வேண்டியதில்லை.

ஒரே குவியலில் இந்த இரண்டும் எப்படி வரும் என்பது தனிக் கேள்வி.

செப்டம்பர் 5, மதியம்

காலையில் போட்ட கணக்கில் ஒரு தவறு. கிராமுக்கு 2 மில்லிமோல் என்பது இரண்டாவது கரைசலுக்கு மட்டும். முதலாவது கரைசலில் லிட்டருக்கு 64.3 மில்லிமோல் சோடியம் ஹைட்ராக்சைடு ஏற்கெனவே அமிலத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தின்றுவிட்டது. மீதி 35. இரண்டு லிட்டருக்கு 70. கிராமுக்கு 0.7 தான்.

இதை எழுதும்போதுதான் ஒன்று உறைத்தது. முன்சோதனையில் 5 கிராமுக்கு விடும் 3.5 மில்லிமோல் அமிலமும் கிராமுக்கு அதே 0.7. அதாவது முன்சோதனை கேட்கிற கேள்வியே ‘முதல் கரைசலில் இருக்கிற அமிலத்தை இந்தக் கழிவு தின்று தீர்த்துவிடுமா?’ என்பதுதான். இத்தனை வருடம் இந்தச் சோதனையைச் செய்தவன், இந்தப் பொருத்தத்தை இன்றுதான் பார்க்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 5, இரவு

சின்னது. கீழே ஒருவர் ‘ஈயமா காரீயமா, ஏன் மாற்றி மாற்றிச் சொல்கிறீர்கள்’ என்று கேட்டிருந்தார். நான் மாற்றவில்லை, ஆனால் கேள்வி சரிதான். பாத்திரத்துக்குப் பூசுகிற ஈயம் வெள்ளீயம். பேட்டரியில் இருப்பது காரீயம். பேச்சில் இரண்டையும் ஈயம் என்றே சொல்லிவிடுகிறோம். மாதிரிச் சீட்டில் ‘ஈயம்’ என்று எழுதி வந்ததை நம்பி ஒருமுறை வேறு உலோகத்தை அளந்து கொடுத்த கதையும் எங்களிடம் உண்டு. இந்த இழையில் பேசுவது காரீயம் மட்டும்.

‘ஈயம் பூசின மாதிரியும் இருக்கணும், பூசாத மாதிரியும் இருக்கணும்’ என்று அறிக்கை கேட்டு வருகிறவர்களைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன்.

செப்டம்பர் 7

நாளைக்கு என்றது இன்றைக்கு ஆகிவிட்டது.

பல வருடம் முன்பு ஒரு வார்ப்பாலையிலிருந்து பித்தளை வார்ப்பு மணல் வந்தது. முதல் முறை காரீயம் வரம்பைப் பல மடங்கு தாண்டியது. ஒரு மாதம் கழித்து ‘பதப்படுத்திய’ மணல் என்று மறுபடி அனுப்பினார்கள். குடுவையைத் திறந்து வடிக்கும்போது மணல் கறுத்து, காந்தம் பட்டால் ஒட்டியது. இரும்புத் தூள் கலந்திருந்தார்கள். முடிவு வரம்புக்கு வெகு கீழே. நான் ‘தேறியது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சோதனை முறைப்படி ஒரு குறையும் இல்லை. அன்றைக்கு அதைப் பற்றிப் பெருமைகூடப் பட்டேன், நல்ல பதப்படுத்தல் என்று.

நடந்தது என்ன? கரைந்த காரீய அயனி இரும்பின் மேல் உலோகமாகப் படிந்துவிட்டது. பதினெட்டு மணி நேரத்துக்கு அது போதும். நிலத்தில் கொட்டினால் இரும்பு துருப்பிடிக்கும். துருப்பிடித்த பிறகு அந்த வித்தை வேலை செய்யாது, காரீயம் பழையபடி கிளம்பும். குடுவைக்குள் இருக்கும் வரைக்கும்தான் மருந்து.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம், அதாவது இந்தச் சோதனையைக் கொண்டுவந்தவர்களே, காரீயக் கழிவில் இரும்புத் தூள் கலந்து தேறவைப்பது அனுமதியில்லாத நீர்த்தலுக்குச் சமம் என்று 1998-இல் விதியில் எழுதித் தடுத்தார்கள். நான் அதைப் படித்தது என் கையெழுத்துப் போய் ரொம்ப நாள் கழித்து.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்கள் கசடும் இரும்பு போட்டு உருக்கியதாக இருக்கும். பேட்டரிக் கூழில் உள்ள கந்தகத்தைப் பிடிக்க உலையில் சோடாவோடு இரும்புத் துண்டுகளும் போடுவார்கள். எதிர்வினையில் தீராத இரும்பு கசடில் கிடந்தால் குடுவையில் இதே நாடகம் நடக்கும். யாரும் ஏமாற்ற வேண்டும் என்றுகூட நினைத்திருக்க மாட்டார்கள்.

செப்டம்பர் 8

‘அமிலத்திலேயே தேறியது, மழை என்ன செய்யும்’ என்ற வாதத்துக்கு வருகிறேன். அமிலம் என்றால் மோசமான நிலை, அதில் தாங்கினால் எதிலும் தாங்கும் என்று நினைப்பது இயல்பு. நானும் நினைத்திருக்கிறேன். காரீயத்துக்கும் காட்மியத்துக்கும் ஓரளவு ஒத்துப்போகும். ஆர்செனிக், ஆன்டிமனி, செலினியம், ஆறாம் இணைதிறன் குரோமியம் இவற்றுக்கு ஒத்துவராது. இவை தண்ணீரில் எதிர்மின் அயனியாக அலைபவை. அமிலத்தில் இரும்புத் துருவின் மேல் ஒட்டிக்கொண்டு அடங்கிக் கிடக்கும். காரமானால் ஒட்டு விட்டுப்போகும். காற்றில்லாத சேற்றில் அந்தத் துருவே கரைந்துபோனால் ஆர்செனிக்கும் கூடவே கிளம்பும்.

இதற்கு நீதிமன்றம் வரை போன உதாரணம் உண்டு. அலுமினிய உருக்கு ஆலைகளில் மின்பகுப்புத் தொட்டியின் உட்புறக் கார்பன் பூச்சு சில வருடங்களில் தேய்ந்துபோகும். சயனைடும் ஃபுளோரைடும் ஊறிய கழிவு அது. அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்தில் ஒரு ஆலை, அதைச் சுண்ணாம்புக்கல்லும் மணலும் சேர்த்துச் சூளையில் சுட்டு, சோதனையில் தேறவைத்து, அந்தக் கழிவுக்கென்றே ஒதுக்கிய குழியில் கொட்டியது. குழியில் ஊறி வந்த தண்ணீரோ கடுங்காரமாக இருந்தது. சோதனை சொன்னதைவிடக் கூடுதலாக ஆர்செனிக்கும் ஃபுளோரைடும் அதில் இருந்தன. சோதனையில் ஊற்றியது அமிலம், குழியில் இருந்தது காரம். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கழிவுக்கு இந்தச் சோதனையை வைத்து வரம்பு விதித்தது ஏற்கத்தக்கதல்ல என்று தள்ளியது.

எதிர்த்திசையிலும் ஒன்று. வாஷிங்டன் மாநிலத்தில் டகோமா என்ற துறைமுக நகரத்தில் செம்பு உருக்கிய கசடை மரக்கட்டை அடுக்கும் களங்களில் தரை போட்டார்கள். பார்க்கக் கறுப்புக் கண்ணாடிச் சில்லு மாதிரி இருக்கும் கசடு. லாரி ஓட நல்ல கெட்டித் தரை. ஆனால் மேலே குவிந்த மரப்பட்டை மக்கி அதிலிருந்து இறங்கிய கரிம அமிலம் கசடைக் கரைத்து ஆர்செனிக், செம்பு, துத்தநாகம், காரீயம் எல்லாவற்றையும் கடல் பக்கம் கொண்டுபோனது. அதே கசடு வெறும் தரையில் கிடந்திருந்தால் கதை வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஆகவே உங்களிடம் நான் திருப்பிக் கேட்பது: பள்ளத்தை நிரப்பி அதன் மேல் என்ன வரப்போகிறது? சிமெண்ட் தளமா, மண்ணும் செடியுமா, மாட்டுச்சாணமா, தண்ணீர் தேங்குமா? அது தெரியாமல் ‘ஆபத்தில்லை’ என்ற சொல்லை நான் எழுத மாட்டேன்.

செப்டம்பர் 8, சற்று நேரம் கழித்து

மேலே மாட்டுச்சாணம் என்று எழுதியதைப் பார்த்து ஒருவர் சிரித்திருக்கிறார். சிரிக்கட்டும். மக்குகிற எந்தப் பொருளும் மேலே சொன்ன மரப்பட்டையின் வேலையைச் செய்யும்.

செப்டம்பர் 10

அசிட்டிக் அமிலம் ஏன் என்று இரண்டு பேர் கேட்டார்கள். நகரக் குப்பைமேட்டில் உணவும் காகிதமும் அழுகும்போது முதல் கட்டத்தில் வருகிற அமிலங்களில் இது முக்கியமானது. சோதனையை வகுத்தவர்கள் மனத்தில் வைத்திருந்த காட்சி ஒன்றே ஒன்று: தொழிற்சாலைக் கழிவு 5 பங்கு, நகரக் குப்பை 95 பங்கு, இரண்டையும் யாரோ பொறுப்பில்லாமல் ஒன்றாகக் கொட்டிவிட்டார்கள், அடியில் நிலத்தடி நீர். போதாக்குறைக்கு இந்த அமிலத்திலிருந்து வரும் அசிடேட் காரீயத்தைக் கட்டிப்பிடித்துக் கரைசலில் வைத்திருக்கும் இயல்புடையது. ஆகவே காரீயத்துக்கு இந்தச் சோதனை கொஞ்சம் கடுமை. தனியாகக் கிடக்கும் கசடு மேட்டில் அசிடேட்டுக்கு எங்கே போவது?

வரம்பு 5 எப்படி வந்தது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியது. அன்றைய குடிநீர் வரம்பு காரீயத்துக்கு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். நிலத்தடியில் பரவி நூறு மடங்கு நீர்த்துவிடும் என்று வைத்துக்கொண்டு நூறால் பெருக்கினார்கள். ஆர்செனிக்குக்கும் அதே 0.05, அதே நூறு, அதே 5. காட்மியத்துக்கு 1, பாதரசத்துக்கு 0.2. பிறகு குடிநீரில் ஆர்செனிக் வரம்பை 0.01-க்கு இறக்கிவிட்டார்கள். சோதனையின் 5 மட்டும் அசையவே இல்லை. பழைய வாடகைச் சீட்டு மாதிரி அப்படியே நிற்கிறது.

செப்டம்பர் 11

மாதிரி எடுப்பது பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒன்றுபோல வெந்த பானைக்குத்தான் பொருந்தும். கசடு அப்படி வேகாது. உலையிலிருந்து ஊற்றும்போது மேலே கண்ணாடி மாதிரி ஒரு படலம், நடுவில் சல்ஃபைடு கலந்த கனமான பகுதி, அடியில் பிரியாமல் சிக்கிய உலோக மணிகள். ஒரு கட்டியை உடைத்தால் உள்ளே கடுகளவில் பளபளவென்று காரீய மணிகள் தெரியும். அதை இடிக்கும்போது பாறைப் பகுதி நொறுங்கும். மணி நொறுங்காது, அப்பளம் மாதிரி தட்டையாகிவிடும். சல்லடையில் மேலே தங்கும்.

அந்தத் தட்டைச் சில்லுகளை ‘நொறுங்காத குப்பை’ என்று ஒதுக்கிக் கீழே விழுந்த தூளை மட்டும் சோதித்த ஆள் ஒருவரை எனக்குத் தெரியும். மூன்று வாரம் முடிவுகள் அழகாக வந்தன. தினமும் முகச்சவரம் செய்யும்போது அவரைக் கண்ணாடியில் பார்க்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. குரோமியம் கலந்த எஃகுக் கிண்ணத்தில் கசடை அரைத்துவிட்டுக் கசடில் குரோமியம் இருக்கிறது என்று சொல்லக் கூடாது.

செப்டம்பர் 12

ஒரு குறுக்குவழி, பலருக்குப் பணம் மிச்சமாகும். கசடில் உள்ள மொத்தக் காரீயம் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் இந்தச் சோதனையே தேவையில்லை. மொத்தமும் கரைந்தாலும் இருபது மடங்கு திரவத்தில் லிட்டருக்கு 5-ஐத் தாண்டாது. மொத்த அளவை 20-ஆல் வகுத்துப் பாருங்கள், அவ்வளவுதான். பேட்டரிக் கசடுக்கு இது உதவாது, அதில் சதவீதக் கணக்கில் காரீயம் இருக்கும். வேறு கழிவு வைத்திருப்பவர்களுக்காகச் சொன்னேன்.

செப்டம்பர் 13

எச்சரிக்கை. முன்னாலேயே எழுதியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன்.

சோடாக் கசடில் சோடியம், இரும்பு சல்ஃபைடுகள் இருக்கும். அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும். நான் முதன்முதலாக இந்தக் கசடை எடுத்தபோது தட்டில் ஒரு கட்டியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். இரவு போகும்போது கருங்கல் மாதிரி இருந்தது. காலையில் ஓரமெல்லாம் பொருமி, விரல் பட்டாலே உதிர்ந்தது. தட்டில் பச்சைக் கறுப்பாக ஒரு வளையத் தண்ணீர். காற்றில் இருந்த ஈரத்தை மட்டும் குடித்துவிட்டு இப்படி. அந்தத் தண்ணீரில் தாள் வைத்துப் பார்த்தால் கடுங்காரம். சரி என்று அந்தத் தூளையே குடுவையில் போட்டு அமிலத்தை ஊற்றி மூடினேன். கால் மணி நேரத்தில் குடுவையின் வயிறு உப்பியது. மூடியைத் தளர்த்தினால் சீறல், அப்புறம் அழுகிய முட்டை நாற்றம். நல்லவேளை, புகை இழுக்கும் அறைக்குள் கையை நீட்டியிருந்தேன். தலையை நீட்டவில்லை.

நாற்றம் அடங்கிவிட்டது என்றால் ஆபத்து போய்விட்டது என்று எண்ணக் கூடாது. அந்த வாயு கூடினால் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். தொடக்கத்தில் கால் மணி, அரை மணி, ஒரு மணி என்று குடுவையைப் புகை இழுக்கும் அறையில் திறந்து காற்றை வெளியேற்றுங்கள். சோதனை முறையிலேயே இது சொல்லப்பட்டிருக்கிறது. யாரும் படிப்பதில்லை.

செப்டம்பர் 15

ஐரோப்பிய முறையில் செய்த அறிக்கை ஒன்றை ஒருவர் இங்கே போட்டு ‘காரீயம் 4, வரம்பு 5, தேறிவிட்டது’ என்று எழுதியிருக்கிறார். நில்லுங்கள். அந்த 4 கிலோவுக்கு மில்லிகிராம். டி.சி.எல்.பி.யின் 5 லிட்டருக்கு மில்லிகிராம். வேறு வேறு படியால் அளந்துவிட்டு ஒப்பிடக் கூடாது. ஐரோப்பிய முறையில் வெறும் தண்ணீர், கசடின் எடையைப் போல் பத்து மடங்கு, 24 மணி நேரம். கிலோவுக்கு 4 என்றால் தண்ணீரில் லிட்டருக்கு 0.4. அங்கே எதையும் கரையவிடாத, ஒன்றும் செய்யாத கழிவு என்று ஏற்க கிலோவுக்கு 0.5-க்குள் இருக்க வேண்டும். அபாயமற்ற கழிவுக் குழிக்கு 10 வரை. இவர் கசடு நடுவில் நிற்கிறது.

தண்ணீர்ச் சோதனையில் எனக்குப் பிடித்தது, அதில் கசடு தன் பிஹெச்சைத் தானே முடிவு செய்துகொள்கிறது. குவியலில் மழை விழுந்தால் நடப்பதற்கு அது இன்னும் கிட்ட இருக்கும். பிடிக்காதது, இன்றைய கசடை மட்டும் காட்டும். பத்து வருடம் கழித்த கசடைக் காட்டாது.

என் கையில் காசும் நேரமும் இருந்தால் நான் செய்வது வேறு. அதே அமெரிக்க நிறுவனம் 1313 என்று எண் கொடுத்த ஒரு முறை உண்டு. ஒரே தூளை ஒன்பது குடுவையில் போட்டு, அமிலமோ காரமோ கணக்காக விட்டு, 2-இலிருந்து 13 வரை ஒன்பது வெவ்வேறு பிஹெச்சில் நிறுத்தி அளப்பது. ஒற்றை எண்ணுக்குப் பதில் ஒரு வளைகோடு கிடைக்கும். தேறியதா தேறவில்லையா என்று அது சொல்லாது. எந்த இடத்தில் கொட்டினால் என்ன ஆகும் என்று சொல்லும். மேலிடத்துக்கு இது பிடிக்காது, அவர்களுக்கு வேண்டியது ஒற்றைச் சொல்.

செப்டம்பர் 18

கேள்வி கேட்டவர் பதிவேட்டு விவரத்தைப் போட்டுவிட்டார். நன்றி. முதல் இரண்டு குடுவை: இரண்டாவது கரைசல், இறுதி பிஹெச் 9.6, 9.4. மூன்றாவது: முதல் கரைசல், இறுதி பிஹெச் 5.3.

குடுவை கழுவாதது என்று முதல் நாள் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆய்வகம் ஒரு தவறும் செய்யவில்லை. முன்சோதனையில் மூன்றாவது தூளுக்குக் காரம் குறைவு, ஆகவே முறைப்படி முதல் கரைசல் ஊற்றினார்கள். 4.93-இல் தொடங்கி 5.3-க்குத்தான் ஏறியிருக்கிறது. அந்தக் கசடு தின்றது கிராமுக்கு ஏறத்தாழ 0.3 மில்லிமோல் அமிலம். மற்ற இரண்டும் 2-க்கு மேலே தின்று தீர்த்துவிட்டுக் காரீயப் பள்ளத்தில் சொகுசாக உட்கார்ந்திருக்கின்றன. காரீயம் மூன்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு இருந்திருக்கலாம். காரம்தான் வேறு.

ஒரே குவியல், ஒரே உலை. அந்தக் காரம் எங்கே போனது? மூன்றாவது மாதிரியை எங்கிருந்து எடுத்தீர்கள்?

செப்டம்பர் 19

‘ஓரத்திலிருந்து, மேலாக’ என்று பதில் வந்திருக்கிறது. மற்ற இரண்டும் குவியலை வெட்டி உள்ளிருந்து எடுத்தவை. குவியலுக்குக் கூரை இல்லை. இரண்டு மழைக்காலம் நனைந்திருக்கிறது.

அப்படியானால் என் கணிப்பு இது. மேலே கிடந்த கசடின் சோடாவை மழை கழுவிக்கொண்டு போய்விட்டது. சோடாதான் சோதனையில் அமிலத்தைத் தின்று காரீயத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அது போனதும் கசடு அம்மணமாக நிற்கிறது. நீங்கள் ஒதுக்க நினைத்த மூன்றாவது மாதிரி, மற்ற இரண்டும் இன்னும் சில மழைக்காலம் கழித்துப் போய்ச் சேரப்போகிற நிலை. பள்ளத்தில் கொட்டிப் பரப்பினால் மொத்தமும் மேலாகக் கிடப்பதுதான். சீக்கிரமே போய்ச் சேரும்.

இரண்டாம் எண்ணம்: 38 என்பது அசிடேட்டில் வந்த எண். மழைத்தண்ணீரில் அவ்வளவு வராது. அதைக் காட்டிப் பயமுறுத்தவும் கூடாது. ஆனால் கழுவிப்போன அந்தச் சோடாத் தண்ணீர் எங்கே போனது என்று யோசியுங்கள். என் தட்டில் இருந்தது போலக் கடுங்காரமாக இருந்தால் அது பள்ளத்தாக்கின் மறு மேடு. காரீயத்தையும், இருந்தால் ஆர்செனிக், ஆன்டிமனியையும் தூக்கிக்கொண்டு போயிருக்கும். பேட்டரிக் காரீயத்தில் ஆன்டிமனி சேர்ப்பார்கள், கசடில் கட்டாயம் கொஞ்சம் இருக்கும். உங்கள் அறிக்கையில் அது அளக்கப்படவே இல்லை, டி.சி.எல்.பி. வரம்புப் பட்டியலில் அந்த உலோகமே கிடையாது.

செப்டம்பர் 21

மறு சோதனைக்கு ஆய்வகம் புதிய மாதிரி கேட்கிறது என்றீர்கள். புதியதும் கொடுங்கள், ஆனால் பழைய தூளின் மீதியைத் தூக்கி எறிய விடாதீர்கள். உள் மாதிரி ஒன்று, ஓர மாதிரி ஒன்று, இரண்டுக்கும் தண்ணீர்ச் சோதனை. ஆன்டிமனியும் ஆர்செனிக்கும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். குவியலின் அடிவாரத்தில் தேங்கிய தண்ணீர் ஒரு பாட்டில். இது எல்லாவற்றையும்விட மலிவு, இதை யாரும் இதுவரை எடுக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

அதுவரை குவியல் மேல் ஒரு தார்ப்பாய். அறிக்கையில் மூன்று எண்ணும் போகட்டும், பக்கத்தில் மூன்று இறுதி பிஹெச்சும் போகட்டும்.

மீதித் தூளை மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள். காகித உறையில் வைத்தால் நீங்கள் தேடும்போது அது தூளாக இருக்காது.